காந்தத்திடம் கேள்வி கேட்ட தமிழர்
டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் வாழ்க்கை

ஊரை விட்டு வெளி மாநிலம் வந்து உழைப்பவர்களுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. உழைப்பு ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது. இரவெல்லாம் கண்விழித்து பைலைத் தயாரிப்பவர் குமாஸ்தா. கையெழுத்துப் போடுபவர் அதிகாரி. எண்ணெயில் குளித்து எஞ்சினைச் சரி செய்பவர் பிட்டர். பாராட்டுப் பெறுபவர் வேறு ஒருவர்.

விஞ்ஞான உலகமும் இதற்கு விலக்கு அல்ல. இந்தியாவுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த ஒரு பெரும் கண்டுபிடிப்பில் கூடவே நின்று உழைத்தவர் ஒரு தமிழர். பரிசு அவருக்கு வரவில்லை. அவர் அத்துடன் நின்றுவிடவும் இல்லை. வேறொரு துறையில் இறங்கி, உலகமே திரும்பிப் பார்க்கும்படி உழைத்தார். அந்தத் துறை காந்தம். அந்தத் தமிழர் டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன்.

இன்று கம்ப்யூட்டருக்குள் தாயக்கட்டை உருட்டுவது போல எண்களை உருட்டி, ஒரு பொருள் எந்தச் சூட்டில் காந்தத் தன்மையை இழக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கின் அஸ்திவாரக் கற்களில் ஒன்றிரண்டு, இவர் கையால் வைக்கப்பட்டவை. அதைத் தெரிந்து கொள்ள அவருடைய வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

வத்திராயிருப்பில் பிறப்பு

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் 1898-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ந் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊர் அது. தந்தை தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்தவர். அந்த இரு மொழிப் பற்று மகனிடமும் கடைசி வரை இருந்தது.

உள்ளூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஹிந்து உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன் பின் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அக்காலத்தில் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது.

படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியில் ரசாயனப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. சின்ன உத்தியோகம்தான். ஆனால் பகல் இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்து கொள்வார்கள். ரசாயனமோ, பௌதிகமோ, கணிதமோ, எந்தச் சந்தேகத்தையும் கேட்கலாம். கிருஷ்ணன் விளக்கம் சொல்வார். அந்தச் சாப்பாட்டு நேர வகுப்புகளுக்கு வேறு கல்லூரி மாணவர்களும் வரத் தொடங்கினார்கள்.

கல்கத்தா பயணம்

அப்போது கல்கத்தாவில் ஒரு தமிழரின் புகழ் பரவிக் கொண்டிருந்தது. அவர் சி.வி. ராமன். அவரும் ஆரம்பத்தில் நிதி இலாகா உத்தியோகஸ்தர்தான். 1907-ல் கல்கத்தா வந்தவர், ஆபீஸ் வேலையைப் பார்த்துக் கொண்டே, காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917-ல் சர்க்கார் வேலையை விட்டுப் பேராசிரியர் ஆனார்.

ராமனிடம் படிக்க வேண்டும் என்று கிருஷ்ணன் 1920-ல் கல்கத்தா சென்றார். மொழி வேறு, சாப்பாடு வேறு, குளிர் வேறு. கல்கத்தா பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் படித்து, 1923-ல் ராமனின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். திரவங்களின் வழியே ஒளி செல்லும்போது எப்படிச் சிதறுகிறது என்பதே அங்கு முக்கியமான ஆராய்ச்சி.

1928-ம் ஆண்டு தொடக்கத்தில் அந்த ஆராய்ச்சி உச்சத்துக்கு வந்தது. ஒரு நிற ஒளியைத் திரவத்தில் செலுத்தினால், வெளியே சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. இதைப் பல திரவங்களிலும் ஆவிகளிலும் கிருஷ்ணன் தம் கண்ணால் சோதித்துப் பார்த்தார். அந்த நாட்களின் வேலையைத் தம் டைரியில் குறித்தும் வைத்தார். பிப்ரவரி 16-ந் தேதியிட்டு லண்டன் நேச்சர் பத்திரிகைக்கு அனுப்பிய கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் என்று இருவர் பெயரும் இருந்தன.

அந்த மாதம் 28-ந் தேதி கண்டதையே இன்று தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். கண்டுபிடிப்புக்கு ராமன் விளைவு என்று பெயர் நிலைத்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

ராமன்தான் தலைவர், ஆண்டுக்கணக்கில் அந்தக் கேள்வியைத் துரத்தியவர் அவர். அதில் ஐயமில்லை. ஆனாலும் கிருஷ்ணனின் பங்கு என்ன, அதற்கு உரிய இடம் கிடைத்ததா என்ற விவாதம் இன்றளவும் விஞ்ஞானிகளிடையே ஓயவில்லை.

டாக்காவில் புதிய பாதை

பரிசு அறிவிப்புக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1928 டிசம்பரில், கிருஷ்ணன் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார். கிழக்கு வங்காளத்தில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர் வேலை. அங்கே பௌதிகத் துறையில் பேராசிரியராக இருந்தவர் புகழ் பெற்ற சத்யேந்திரநாத் போஸ்.

டாக்காவில் கிருஷ்ணன் ஒளியைச் சற்று ஒதுக்கி வைத்து, ஸ்படிகங்களின் காந்தத் தன்மையை எடுத்துக் கொண்டார். காந்தம் என்றால் இரும்பு மட்டும் அல்ல. உப்பு, நாப்தலீன் உருண்டை, பென்சிலில் உள்ள கிராபைட் என எல்லாப் பொருளுமே காந்தத்தின் அருகே வந்தால் மிக மிகச் சிறிதளவாவது ஈர்க்கப்படும் அல்லது விலக்கப்படும்.

ஸ்படிகத்தில் ஒரு விசேஷம் உண்டு. மரத்தை நார் போகும் திசையில் பிளப்பது சுலபம், குறுக்கே பிளப்பது கஷ்டம் அல்லவா? அதுபோல ஸ்படிகம் ஒரு திசையில் காந்தத்துக்கு அதிகமாக இணங்கும், மற்றொரு திசையில் குறைவாக இணங்கும். இந்த வித்தியாசத்தைத் துல்லியமாக அளந்தால், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் ஸ்படிகத்துக்குள் எப்படிப் படுத்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். ஆனால் வித்தியாசமோ மிகச் சொற்பம். அளப்பது எப்படி?

கிருஷ்ணன் கையாண்ட வழி எளிமையானது. சில மில்லிகிராம் எடையுள்ள சின்னஞ்சிறு ஸ்படிகம். அதைத் தலைமுடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்க விட வேண்டும். ஸ்படிகம் தனக்கு இணக்கமான திசையைக் காந்தத்தின் பக்கம் திருப்பிக் கொண்டு நிற்கும்.

இப்போது இழையின் மேல்நுனியை மெதுவாக முறுக்க வேண்டும். இழை திரும்பச் சொல்லும், காந்தம் விடாது. ஸ்படிகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும். முறுக்கிக் கொண்டே போனால், சுமார் 45 டிகிரியைத் தாண்டியதும் காந்தத்தின் பிடி தளர்ந்து ஸ்படிகம் சட்டென்று சுழன்று விடும். அந்த நொடியில் மேல்நுனி எத்தனை டிகிரி முறுக்கப்பட்டது என்று படித்தால் போதும். கணக்கு விடை சொல்லிவிடும்.

விலை உயர்ந்த யந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. நல்ல இழை, நல்ல ஸ்படிகம், நடுங்காத கை, பொறுமை இவையே மூலதனம். தம்முடன் உழைத்த குகா, பானர்ஜி முதலிய இளைஞர்களின் பெயரையும் சேர்த்தே கிருஷ்ணன் கட்டுரைகளை வெளியிட்டார். 1933 முதல் லண்டன் ராயல் சொசைட்டி அவற்றை வரிசையாகப் பிரசுரித்தது. எக்ஸ்ரே மூலம் ஸ்படிகங்களை ஆராய்ந்த காத்லீன் லான்ஸ்டேல் என்ற ஆங்கிலப் பெண் விஞ்ஞானி இந்த அளவுகளைப் பயன்படுத்தினார். கிருஷ்ணனுடன் சேர்ந்து கட்டுரையும் எழுதினார்.

1933-ல் கிருஷ்ணன் மீண்டும் கல்கத்தா விஞ்ஞானக் கழகத்துக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1937-ல் ஐரோப்பா சென்று கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் சொற்பொழிவாற்றினார். 1940-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமை காந்தத்தால் வந்தது.

இரும்பு காந்தத்தை மறக்கும் சூடு

கிருஷ்ணன் அளந்த காலத்திலேயே, காந்தத்தைப் பற்றிய வேறொரு பெரிய கேள்வி உலகத்து விஞ்ஞானிகளை ஆட்டி வைத்தது.

ரெயில்வே பட்டறையில் கொல்லுலை வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நன்றாகச் சிவக்கக் காய்ச்சிய இரும்பைக் காந்தம் இழுக்காது. ஆறினால் மறுபடி இழுக்கும். பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் கியூரி 1895-ல் இதை விரிவாக ஆராய்ந்தார். இரும்புக்கு அந்த எல்லை சுமார் 770 டிகிரி சென்டிகிரேட். அதற்குக் கீழே காந்தம். மேலே சாதாரண உலோகம். தண்ணீர் ஐஸ் ஆவது போல இதுவும் ஒரு நிலைமாற்றம்.

ஏன் இப்படி? ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கமே தானும் பார்க்க விரும்புகிறது. வெப்பமோ எல்லாவற்றையும் குலுக்கிக் கலைக்கப் பார்க்கிறது. சூடு குறைவாக இருந்தால் அக்கம்பக்கத்துக் கட்டுப்பாடு ஜெயிக்கும். சூடு மிகுந்தால் குழப்பம் ஜெயிக்கும். கேள்வி என்னவென்றால், கட்டுப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து போகாமல், ஒரு குறிப்பிட்ட சூட்டில் அடியோடு இல்லாமல் போவது ஏன்?

ஜெர்மனியில் லென்ஸ் என்ற பேராசிரியர் 1920-ல் ஒரு மாதிரி சொன்னார். கட்டம் போட்ட காகிதம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அம்பு. அம்பு மேலே பார்க்கலாம் அல்லது கீழே பார்க்கலாம். வேறு திசை கிடையாது. அடுத்தடுத்த கட்டங்கள் ஒரே பக்கம் பார்த்தால் சக்தி குறைவு, எதிரெதிராகப் பார்த்தால் சக்தி அதிகம். அவ்வளவுதான் சட்டம்.

லென்ஸ் தம் மாணவர் ஏர்ன்ஸ்ட் ஐசிங்கிடம் இதை ஒப்படைத்தார். கட்டங்கள் ஒரே வரிசையில் இருந்தால் நிலைமாற்றம் வராது என்று 1925-ல் ஐசிங் எழுதினார். மாதிரியைச் சொன்னவர் லென்ஸ். பெயர் மட்டும் ஐசிங் மாதிரி என்று நின்றுவிட்டது. ஐசிங் யூதர். ஹிட்லர் ஆட்சியில் வேலை இழந்து, லக்சம்பர்க்கில் துன்பப்பட்டு, 1947-ல் அமெரிக்கா சென்று ஆசிரியராகக் காலம் கழித்தார். தம் பெயர் உலகெங்கும் பாடமாகி விட்டது அவருக்கே நெடுநாள் தெரியாது.

கட்டங்கள் நீள அகலமாக விரிந்தால் நிலைமாற்றம் உண்டு என்பதை நார்வே நாட்டில் பிறந்த லார்ஸ் ஆன்சாகர் 1944-ல் கணிதத்தால் முழுமையாக நிரூபித்தார். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள மாதிரிக்கு அப்படிப்பட்ட முழு விடை இன்று வரை யாருக்கும் கிட்டவில்லை. கையால் போட முடியாத கணக்கு. அப்படியானால் என்ன செய்வது?

ஒரு சோறு பதம்

10-க்கு 10 கட்டம் போட்ட சின்னப் பலகையை எடுத்துக் கொள்வோம். 100 அம்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. மொத்தம் எத்தனை விதமாக அடுக்கலாம்? அந்த எண்ணை எழுத 31 இலக்கம் வேண்டும். எந்தக் கம்ப்யூட்டராலும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க இயலாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் தாய்மார்கள் கண்ட வழி. முழுவதையும் எண்ணாமல் மாதிரி எடுத்துப் பார்ப்பது. கல்கத்தாவில் கிருஷ்ணன் ஸ்படிகங்களை முறுக்கிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே நகரில் மகலனோபிஸ் இந்த வழியைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். பௌதிகம் படித்துப் புள்ளி விவரத்துக்கு வந்தவர் அவர். 1937 முதல் வங்காளத்துச் சணல் சாகுபடியை, எல்லா வயலையும் அளக்காமல், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த நிலங்களை மட்டும் அளந்து மதிப்பிட்டார்.

ஆனால் காந்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. 100 அம்புகளுக்கும் நாணயம் சுண்டிப் போட்டால், எப்போதும் குழம்பிய பலகைதான் கிடைக்கும். எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்கும் பலகை ஒரு யுகத்திலும் வராது. குளிர்ந்த இரும்பில் நடப்பதோ அதுதான். ஆகவே வெறும் குலுக்கல் போதாது. சூட்டுக்குத் தக்கபடி குலுக்க வேண்டும்.

அமெரிக்காவில் உலாம் என்ற கணித மேதை 1946-ல் நோயிலிருந்து தேறி வரும்போது சீட்டாட்டம் ஆடிக் கொண்டிருந்தார். ஆட்டம் ஜெயிக்க எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் போடுவதைவிட, பல தடவை ஆடி எண்ணிப் பார்ப்பது சுலபம் என்று அவருக்குத் தோன்றியது. சூதாட்டத்துக்குப் பேர் போன ஊரின் பெயரால் இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர் வைத்தார்கள். 1953-ல் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் மானியாக் என்ற கம்ப்யூட்டரில் இந்த முறைக்கு ஒரு திருத்தம் செய்தார்கள். முதலில் அதைத் திரவ அணுக்களின் கணக்குக்குத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு அது காந்தத்துக்கும் வந்தது.

அந்த முறையைக் கட்டம் போட்ட காகிதத்தில் யாரும் செய்து பார்க்கலாம்.

ஏதாவது ஒரு கட்டத்தைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் நான்கு பக்கத்து அம்புகளைப் பார்க்க வேண்டும். இந்த அம்பைத் தலைகீழாகத் திருப்பினால் சக்தி குறையுமா, கூடாமலாவது இருக்குமா? அப்படியானால் திருப்பி விட வேண்டியதுதான். சக்தி கூடுமானால் உடனே மறுத்துவிடக் கூடாது. பகடை போட வேண்டும். பகடை சம்மதித்தால் திருப்பலாம், இல்லையேல் விட்டுவிடலாம். பிறகு அடுத்த கட்டம். இப்படி லட்சக் கணக்கான தடவை.

பகடை எவ்வளவு தாராளமாகச் சம்மதிக்கும் என்பதைச் சூடு தீர்மானிக்கிறது. நான்கு பக்கத்தாரும் தன்னோடு ஒத்திருக்கும்போது ஓர் அம்பு எதிர்ப்பக்கம் திரும்ப நினைக்கிறது என்று கொள்வோம். ஆன்சாகர் கண்ட எல்லைச் சூட்டில் 100-க்கு 3 தடவைதான் அனுமதி கிடைக்கும். அந்தச் சூட்டில் பாதிக்கும் சற்றுக் குறைவான குளிரில் 10,000-க்கு 3 தடவை. எல்லையைவிட இரு மடங்குக்குச் சற்று மேற்பட்ட சூட்டில் 100-க்கு 20 தடவை. இந்தச் சிறு எண்களின் ஏற்றத்தாழ்வில்தான் காந்தம் இருப்பதும் இல்லாமல் போவதும் அடங்கியிருக்கிறது.

குளிரில் விட்டால் பலகை முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். அதிகச் சூட்டில் எள்ளும் அரிசியும் கலந்தது போல இருக்கும். எல்லைச் சூட்டில்தான் வேடிக்கை. பெரிய தீவுகள், அவற்றுக்குள் சிறு தீவுகள், அவற்றுக்குள் புள்ளிகள் என்று எல்லா அளவிலும் திட்டுத் திட்டாகத் தெரியும். அங்கே பலகை அசைந்து கொடுக்க வெகு நேரம் பிடிக்கும். 1987-லும் 1989-லும் ஓர் அம்புக்குப் பதில் கூட்டத்தையே சேர்த்துத் திருப்பும் புதிய முறைகள் வந்து அந்தத் தாமதத்தைக் குறைத்தன.

இங்கும் பெயர்க் கதை உண்டு. 1953-ம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் ஐந்து பேர். முதலில் நின்ற மெட்ரோபாலிஸ் பெயரே முறைக்கு நிலைத்தது. மானியாக் கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர் அரியானா ரோசன்பிளத் என்ற பெண்மணி. அவரை உலகம் நினைவு கூர வெகு காலம் ஆயிற்று.

கிருஷ்ணன் வைத்த கல்

கட்டத்தில் உள்ள அம்பு மேலே அல்லது கீழே மட்டும் பார்க்கும் என்பது காகிதச் சட்டம். உண்மையான அணு அப்படிக் கட்டுப்படுமா? எந்தப் பக்கமும் பார்க்கக் கூடியதல்லவா அது?

இந்தக் கேள்விக்குப் பதில் கிருஷ்ணனின் இழையில் தொங்கியது. மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு ஆகியவற்றின் உப்பு ஸ்படிகங்களை அவரும் உடன் உழைத்தவர்களும் அளந்தார்கள். மாங்கனீஸ் உப்பில் திசைக்குத் திசை வித்தியாசம் மிகச் சொற்பம். கோபால்ட் உப்பிலோ பெரிய வித்தியாசம். சுற்றியுள்ள அணுக்களின் மின்சக்தி கோபால்ட் அணுவைப் பிடித்து, ஒரு திசையில் பார்க்கும்படி கட்டாயப்படுத்துகிறது. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் காகிதத்தில் வகுத்த இந்தக் கொள்கைக்கு, கல்கத்தாவிலும் டாக்காவிலும் எடுத்த அளவுகள் சாட்சியாயின.

பிற்காலத்தில் ருபீடியம் கோபால்ட் புளோரைடு என்ற ஸ்படிகத்தை ஆராய்ந்தபோது, அது நீள அகலக் கட்டக் காகிதம் போலவே நடந்து, ஆன்சாகரின் கணக்குக்கு ஒத்துப் போயிற்று. கோபால்ட்டின் அந்தத் திசைப் பிடிவாதம்தான் காரணம். காகிதத்து அம்பு வெறும் கற்பனை அல்ல என்பது இதனால் உறுதிப்பட்டது.

கம்ப்யூட்டரில் பகடை உருட்டுபவர் எத்தனை கோடி தடவை உருட்டினாலும், விடை சரிதானா என்று கடைசியில் ஒரு நிஜப் பொருளோடு ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும். அந்த நிஜத்தைக் கையால் அளந்து எழுதி வைத்தவர்களின் எண்கள் பழசாவதில்லை.

தில்லி ஆண்டுகள்

1942-ல் கிருஷ்ணன் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1946-ல் சர் பட்டம் வந்தது. சுதந்திரம் நெருங்கிய வேளையில், 1947 ஜனவரி 4-ந் தேதி, தில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்கு ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் டைரக்டர் கிருஷ்ணன். 1950 ஜனவரி 21-ந் தேதி சர்தார் படேல் அதைத் திறந்து வைத்தார்.

நாட்டின் அளவைகளுக்கெல்லாம் மூலம் அந்த ஆராய்ச்சிச் சாலைதான். பார்சல் ஆபீஸில் மூட்டை நிறுக்கும் தராசின் எடைக்கல்லும், ஜவுளிக் கடை மீட்டர் கோலும் படிப்படியாகப் பின்னோக்கிப் போனால் அங்கே வைத்துள்ள மூல அளவில்தான் போய் முடியும். வாழ்நாளெல்லாம் நுட்பமாக அளந்தவர் கையில் நாட்டின் அளவுகோல் ஒப்படைக்கப்பட்டது பொருத்தமே.

1948-ல் அணுசக்திக் கமிஷன் அமைந்தபோது ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர், கிருஷ்ணன் மூவரும் அதில் இருந்தார்கள். 1954-ல் பத்மபூஷண். பட்நாகர் பெயரால் விஞ்ஞானப் பரிசு ஏற்பட்டு 1958-ல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவரும் அவரே. டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. சூடேறிய உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் எப்படி வெளியேறுகின்றன என்பதை இளைஞர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார்.

விஞ்ஞானத்தைப் போலவே தமிழ் இலக்கியத்திலும் வடமொழி நூல்களிலும் அவருக்கு நல்ல தேர்ச்சி. நேரு அவரை விஞ்ஞானி என்பதற்கு மேலாக, நிறைந்த மனிதராக மதித்தார்.

1961 ஜூன் மாதம் தில்லியில் கிருஷ்ணன் காலமானார். வயது 62. அப்போது இந்தியா முழுவதிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய கம்ப்யூட்டர்களே இருந்தன. காந்தத்தைப் பகடையால் ஆராயும் வேலை உலகிலேயே தொடக்க நிலையில் இருந்தது. அது வளர்ந்து பெருகியதை அவர் பார்க்கவில்லை.

நம் பக்கத்து ஊரில்

மல்காஜ்கிரியில் வசிக்கும் தமிழர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல. இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஈ.சி.ஐ.எல். என்று பஸ் கண்டக்டர்கள் கூவும் அந்த நிலையத்தை 1967-ல் அமைத்தது அணுசக்தி இலாகா. கிருஷ்ணன் முதல் கமிஷனில் உட்கார்ந்து வளர்த்த துறைதான் அது. 1960-களின் இறுதியிலிருந்து டி.டி.சி. என்ற பெயரில் இந்தியாவிலேயே செய்த கம்ப்யூட்டர்கள் அங்கிருந்து வெளிவந்தன.

நகரின் மறுகோடியில், கச்சிபௌலியில், 1974-ல் தொடங்கிய ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இந்தப் பகடைக் கணக்கு மாணவர்களுக்குப் பாடமாயிற்று. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிப் பின் அங்கு பேராசிரியராக இருந்த கே.பி.என். மூர்த்தி மான்டி கார்லோ முறை பற்றி எழுதிய பாடநூல், 2004-ல் ஹைதராபாத்திலிருந்தே வெளிவந்தது.

இன்று காலேஜில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் சாதாரணக் கம்ப்யூட்டரில் நூறு வரிக்குள் எழுதி, ஒரு மாலைப் பொழுதில் காந்தத்தின் நிலைமாற்றத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். அதற்கு மெட்ரோபாலிஸ் என்று ஒரு பெயர், ஐசிங் என்று ஒரு பெயர் பாடத்தில் வரும். யார் பெயர் எதன்மேல் ஒட்டும் என்பதும் ஒரு தாய ஆட்டம்தான் போலிருக்கிறது. ஒருவருக்கு வேண்டாமலே விழுகிறது. ஒருவருக்கு உழைத்தும் விழுவதில்லை.

ஆனால் இழையின் நுனியில் படித்து எழுதிய அளவு அப்படி இல்லை. அது சரியா, தவறா என்று எந்த நாட்டிலும் எவரும் சோதிக்கலாம். கிருஷ்ணனின் அளவுகள் அந்தச் சோதனையில் நின்றன. தில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலை இருக்கும் வீதிக்கு இன்று டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். நாட்டின் மூல அளவுகளெல்லாம் இருப்பது அந்த வீதியில்தான்.